நிகழ்பட ஆட்டக் கருவித் தொழிலின் இலாபநிலை

நிகழ்பட ஆட்டக் கருவித் தொழிலின் இலாபநிலை என்பது, தொலைக்காட்சியுடன் இணைத்தோ கையில் ஏந்தியோ விளையாடப்படும் நிகழ்பட ஆட்டக் கருவிகளை (கன்சோல்) உருவாக்கி விற்கும் நிறுவனங்கள் நீண்ட காலப்பகுதியில் ஈட்டிய இலாபத்தையும் அடைந்த நட்டத்தையும் குறிக்கும். இத்தொழிலில் ஒரு தலைமுறைக் கருவியால் பெற்ற இலாபத்தை அடுத்த தலைமுறைக் கருவியை வெளியிடும்போது இழந்துவிடுவது பலமுறை நிகழ்ந்துள்ளது. ஆகவே எத்தனை கருவிகள் விற்பனையாயின என்பதை மட்டும் கொண்டு ஒரு நிறுவனம் வெற்றி பெற்றதா எனக் கூற இயலாது.

1972 இல் வெளிவந்த மாக்னவாக்ஸ் ஒடிசியே வீட்டுப் பயன்பாட்டுக்கான முதல் ஆட்டக் கருவியாகும். அதன் பின்னர் அட்டாரி, செகா, என்.ஈ.சி., பானசோனிக், பிலிப்ஸ் எனப் பல நிறுவனங்கள் இத்துறையில் நுழைந்து வெளியேறின. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் பெரிய அளவில் நிலைத்து நின்றவை நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று மட்டுமே. இவற்றுள்ளும் ஆட்டக் கருவிகளை மட்டுமே நம்பி வாழ்வது நிண்டெண்டோ ஒன்றுதான். ஏனைய இரண்டுக்கும் வேறு பெரும் தொழில்கள் உள்ளன.

வருவாய் முறை

ஆட்டக் கருவி பெரும்பாலும் அதன் உற்பத்திச் செலவை ஒட்டிய விலையிலோ அதற்கும் குறைவாகவோ விற்கப்படுகிறது. சவரக் கத்தியின் பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டு அலகுகளில் பணம் ஈட்டும் முறையுடன் இதனை ஒப்பிடுவது வழக்கம். மலிவான அச்சுப்பொறியை வாங்கிவிட்டு மைக்குப்பிக்கு விலை கொடுத்தவர்கள் இம்முறையை நன்கு அறிவர்.

கருவியைச் செய்யும் நிறுவனத்திற்கு உண்மையான வருவாய் வேறு வழிகளில் வருகிறது. முதலாவது, பிற நிறுவனங்கள் அக்கருவிக்கென வெளியிடும் ஒவ்வொரு ஆட்டத்திற்கும் செலுத்தும் உரிமத்தொகை. இரண்டாவது, தானே உருவாக்கும் ஆட்டங்களின் விற்பனை. கட்டுப்படுத்திகள், நினைவக அட்டைகள் போன்ற துணைப் பொருட்கள் சிறு பங்கினைத் தருகின்றன. 2000களிலிருந்து இணைய உறுப்பினர் கட்டணமும் சேர்ந்து கொண்டது.

எடுத்துக்காட்டாக, ஒரு கருவியை 100 டாலர் நட்டத்தில் விற்பதாகக் கொள்வோம். நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் 60 டாலருக்கு விற்கும் ஓர் ஆட்டத்தில் வழக்கமான 30 விழுக்காட்டுப் பங்கு 18 டாலர் ஆகும். அக்கருவியை வாங்கியவர் ஆறு ஆட்டங்களை வாங்கிய பின்னரே நட்டம் அடைபடும். அவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டால், கருவி விற்பனையானதே நிறுவனத்திற்குச் சுமையாகிவிடும். வட்டுகளாக விற்கப்பட்ட காலத்தில் கடைக்காரரின் பங்கும் அச்சிடும் செலவும் போக எஞ்சிய உரிமத்தொகை இதனினும் குறைவாகவே இருந்தது.

இம்முறை நிலைக்க மூன்று நிபந்தனைகள் தேவை. உரிமம் இன்றி எவரும் அக்கருவிக்கு ஆட்டம் வெளியிட இயலாதிருக்க வேண்டும். ஆட்டங்களைப் படியெடுப்பது கடினமாக இருக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கருவியின் உற்பத்திச் செலவு விலையைவிட விரைவாகக் குறைய வேண்டும். இத்துறையில் வீழ்ந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமும் இவற்றுள் ஏதேனும் ஒன்றாவது பொய்த்துப் போனதைக் காணலாம்.

அட்டாரி

1972 இல் நோலன் புஷ்னல், டெட் டாப்னி ஆகியோரால் தொடங்கப்பட்ட அட்டாரி நிறுவனத்தை, வார்னர் கம்யூனிகேசன்ஸ் 1976 இல் 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு வெளிவந்த அட்டாரி விசிஎஸ் (பின்னாளில் அட்டாரி 2600) 199 டாலருக்கு விற்கப்பட்டது. இலாபம் முழுவதும் ஆட்டப் பேழைகளிலிருந்தே வரும் என அந்நிறுவனம் கருதியது. அது சில ஆண்டுகள் உண்மையாகவும் இருந்தது.

ஆனால் பேழைகளை வேறு எவரும் செய்ய இயலாதபடி தடுக்கும் ஏற்பாடு எதுவும் அக்கருவியில் இல்லை. தாம் எழுதிய ஆட்டங்கள் நிறுவனத்திற்குப் பெரும்பணம் ஈட்டித் தந்தும் தமக்குப் பெயரோ பங்கோ கிடைக்கவில்லை என மனக்குறை கொண்ட நிரலாளர்கள் சிலர், 1979 இல் வெளியேறி ஆக்டிவிசன் நிறுவனத்தை அமைத்தனர். கருவியைச் செய்யாது ஆட்டங்களை மட்டும் வெளியிட்ட முதல் நிறுவனம் இதுவே. அட்டாரி தொடுத்த வழக்கு 1982 இல் இணக்கத்தில் முடிந்தது. அதன் பின்னர் எண்ணற்ற நிறுவனங்கள் பேழைகளை வெளியிடத் தொடங்கின. அவற்றுள் பல தரமற்றவை. விற்காத பேழைகளைக் கடைக்காரர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட, முழு விலைக்கு எதுவும் விற்காத நிலை உண்டானது.

1982 டிசம்பர் 7 அன்று வார்னர் தனது இலாப வளர்ச்சி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருக்கும் என அறிவித்தது. அதனைத் தொடர்ந்து பங்கின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 1983 இல் அட்டாரியின் நட்டம் 53 கோடி டாலரைத் தாண்டியது. சுமார் ஐந்து வாரங்களில் எழுதப்பட்ட ஈ.டி. என்ற ஆட்டத்தின் பேழைகள் உள்ளிட்ட விற்காத சரக்கு, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகார்டோ நகரக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. இது நெடுங்காலம் வெறும் கதையென்றே பலரால் கருதப்பட்டது. 2014 இல் அவ்விடம் தோண்டப்பட்டபோது பேழைகள் வெளிப்பட்டன. அமெரிக்க வீட்டு நிகழ்பட ஆட்டச் சந்தையின் ஆண்டு விற்பனை 1983 இல் சுமார் 320 கோடி டாலராக இருந்து 1985 இல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியது எனக் கணக்கிடப்படுகிறது. 1984 இல் வார்னர் அட்டாரியின் வீட்டுக் கருவிப் பிரிவை ஜாக் டிரமியலுக்கு விற்றுவிட்டது.

நிண்டெண்டோவின் உரிம முறை

1889 இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தொடங்கிய நிண்டெண்டோ, 1983 சூலை 15 அன்று பேமிகாம் கருவியை 14,800 யென் விலையில் ஜப்பானில் வெளியிட்டது. 1985 இல் அது என்.ஈ.எஸ். என்ற பெயரில் அமெரிக்கா சென்றபோது, உரிமம் பெறாத பேழைகளை ஏற்க மறுக்கும் பூட்டுச் சில்லு ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. அட்டாரியின் வீழ்ச்சியிலிருந்து கற்ற பாடம் இது எனலாம்.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது. அந்த ஆட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கருவிக்கு வழங்கக் கூடாது. பேழைகளை நிண்டெண்டோவே செய்து தரும், அதற்கான பணத்தை முன்னதாகவே செலுத்த வேண்டும். விற்காது தேங்கும் பேழைகளின் நட்டம் முழுவதும் வெளியீட்டாளரையே சாரும் என்பது இதன் பொருள். இவ்வாறு, பிறர் உருவாக்கும் ஆட்டம் வெற்றி பெற்றாலும் தோற்றாலும் நிண்டெண்டோவுக்கு வருவாய் உறுதியாயிற்று. கருவி செய்யும் தொழில் இடர்மிகுந்த பொம்மை வணிகமாக இருந்த நிலை மாறி, வாயிலில் அமர்ந்து சுங்கம் தண்டும் தொழிலாக மாறியது இக்காலத்திலேயே. என்.ஈ.எஸ். உலகளவில் 6.19 கோடி எண்ணிக்கையில் விற்றது.

பூட்டுச் சில்லு இல்லாத ஜப்பானியப் பேமிகாமின் உரிமம் பெறாத படிகள் ஆசிய நாடுகள் பலவற்றில் பெருகின. 1990களில் தமிழ்நாட்டில் 'டிவி கேம்' என்ற பெயரில் கிடைத்த பெட்டிகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. மேரியோவை நம்மவர்க்கு அறிமுகம் செய்து வைத்த இப்பெட்டிகளால் நிண்டெண்டோவுக்கு எவ்வித வருவாயும் இல்லை.

பேழைகளின் உற்பத்திச் செலவும் முன்பணமும் வெளியீட்டாளர்களுக்குத் தீராத குறையாக இருந்தன. 1996 இல் நிண்டெண்டோ 64 கருவியிலும் பேழைமுறையே தொடர்ந்தபோது, மிக மலிவாக அச்சிடத்தக்க குறுவட்டைக் கொண்டிருந்த சோனியிடம் பலர் சென்றனர். ஸ்குயர் நிறுவனத்தின் பைனல் பேன்டசி VII 1997 இல் பிளேஸ்டேசனில் வெளிவந்தது இதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும்.

3டிஓ: பங்கு பிரித்ததில் நேர்ந்த பிழை

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸ், 1990களின் தொடக்கத்தில் 3டிஓ நிறுவனத்தை அமைத்தார். இந்நிறுவனம் கருவியை வடிவமைக்க, பானசோனிக், கோல்டுஸ்டார் (இன்றைய எல்ஜி), சான்யோ ஆகியவை உரிமம் பெற்று உற்பத்தி செய்தன. ஆட்ட வெளியீட்டாளர்களிடம் வட்டுக்கு 3 டாலர் என்ற மிகக் குறைந்த உரிமத்தொகையே பெறப்பட்டது.

ஆட்ட விற்பனையால் தமக்குப் பயனேதும் இல்லாததால், உற்பத்தி செய்த நிறுவனங்கள் கருவியிலேயே இலாபம் காண வேண்டியிருந்தது. அதனால் 1993 இல் பானசோனிக்கின் கருவி 699 டாலர் என்ற விலையில் வெளிவந்தது. வாங்குவோர் குறைவாக இருந்ததால் ஆட்டங்களும் குறைந்தன. 3டிஓ நிறுவனம் பின்னர் கருவித் துறையை விட்டு ஆட்டங்களை மட்டும் வெளியிட்டு, 2003 இல் நொடித்தது. வெளியீட்டாளருக்கு நேர்மையான திட்டமாகத் தோன்றிய இது தோற்றதற்குக் காரணம், கருவியை மலிவாக்கும் நட்டத்தைத் தாங்க எவருக்கும் காரணம் இல்லாமற் போனதே.

செகாவின் விலகல்

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த ஈ3 கண்காட்சியில், செகா தனது சாட்டர்ன் கருவியின் விலை 399 டாலர் என அறிவித்தது. அதே கண்காட்சியில் சோனி தனது பிளேஸ்டேசனின் விலை 299 டாலர் என அறிவித்தது. சாட்டர்னில் இரண்டு மையச் செயலிகளும் வேறு பல சில்லுகளும் இருந்தன. செகா சில்லுகளைத் தானே செய்யும் நிறுவனமன்று; சோனியோ மின்னணுப் பொருள் உற்பத்தியில் பேரனுபவம் கொண்டது. விலைப்போரில் செகாவால் ஈடுகொடுக்க இயலவில்லை.

1998 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த டிரீம்காஸ்ட் மீது நிறுவனம் தன் எதிர்காலத்தையே வைத்தது. 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளியான முதல் நாளில் மட்டும் கருவியும் ஆட்டங்களுமாக 9 கோடி டாலருக்கும் மேல் விற்பனை நடந்தது. எனினும் சாட்டர்னைக் கைவிட்ட விதத்தால் கடைக்காரர்களும் வெளியீட்டாளர்களும் நம்பிக்கை இழந்திருந்தனர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் டிரீம்காஸ்டுக்கு ஆட்டங்களே வெளியிடவில்லை. அத்துடன், சாதாரணக் குறுவட்டில் படியெடுத்த ஆட்டங்கள் அக்கருவியில் எவ்வித மாற்றமும் செய்யாமலேயே இயங்கும் வழி 2000 இல் பரவியது. நட்டத்தில் விற்ற கருவியின் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டிய ஆட்ட வருவாயிலேயே ஓட்டை விழுந்தது.

2001 சனவரி 31 அன்று செகா டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாகவும் இனி பிற நிறுவனங்களின் கருவிகளுக்கு ஆட்டங்களை உருவாக்கப் போவதாகவும் அறிவித்தது. உலகளவில் விற்ற டிரீம்காஸ்ட்கள் 91 இலட்சம். அந்த மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் நிகர நட்டம் 5,170 கோடி யென். செகாவின் தாய் நிறுவனமான சிஎஸ்கேயை நிறுவியவரும் செகாவின் தலைவருமான இசாவோ ஒக்காவா, தாம் வழங்கியிருந்த கடனைத் தள்ளுபடி செய்து, தம்மிடமிருந்த பங்குகளையும் நிறுவனத்திற்கே அளித்தார். அப்பங்குகளின் மதிப்பு சுமார் 69.5 கோடி டாலர். 2001 மார்ச்சில் அவர் காலமானார். நட்டத்தைத் தாங்கும் அளவுக்கு வேறு பெருந்தொழில் இல்லாத ஒரு நிறுவனம், ஒரு முதியவரின் சொந்தச் செல்வத்தால் நொடிப்பிலிருந்து தப்பியது. 2004 இல் அது சாமி நிறுவனத்துடன் இணைந்தது.

சோனி

சோனியின் பிளேஸ்டேசன் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது. நிண்டெண்டோவுடன் கூட்டாகக் குறுவட்டுக் கருவி செய்யும் திட்டம் 1991 இல் முறிந்ததை அடுத்து, கென் குத்தராகி என்ற பொறியாளரின் தலைமையில் இது உருவானது. முதல் பிளேஸ்டேசன் 10.2 கோடி எண்ணிக்கையில் விற்றது.

2000 மார்ச் 4 அன்று வெளியான பிளேஸ்டேசன் 2, இத்தொழில் முறை நன்கு இயங்கும்போது எவ்வாறு இயங்கும் என்பதற்குச் சிறந்த சான்றாகும். அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த அக்கருவியின் விலை 2002 இல் 199 டாலராகவும், 2004 இல் 149 டாலராகவும், 2009 இல் 99 டாலராகவும் குறைந்தது. விலையைக் குறைத்தும் நட்டம் ஏற்படாததற்குக் காரணம் சில்லுகள் சுருங்கியதே. தொடக்கத்தில் தனித்தனியாக இருந்த மையச் செயலியும் வரைகலைச் சில்லும் பின்னர் ஒரே சில்லாக இணைக்கப்பட்டன. கருவியும் ஒரு தடித்த நூலின் அளவுக்கு மெலிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உற்பத்தியில் இருந்து 15.5 கோடிக்கு மேல் விற்ற இக்கருவியை, இதுவரை மிகுதியாக விற்ற வீட்டு ஆட்டக் கருவி எனலாம்.

அடுத்து 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேசன் 3 இதற்கு நேர்மாறானது. ஐபிஎம், தொசிபா நிறுவனங்களுடன் கூட்டாக உருவாக்கிய செல் செயலியும் அப்போது மிகப் புதியதான புளூ-ரே வட்டு இயக்கியும் அதில் இருந்தன. அமெரிக்காவில் 499, 599 டாலர் என இரு வகைகளில் விற்கப்பட்டது. கருவியைப் பிரித்து ஆய்ந்த ஐசப்ளை நிறுவனம், அவற்றின் செலவு முறையே சுமார் 806, 840 டாலர் என மதிப்பிட்டது. அதாவது, வாங்குவோர் விலை மிக அதிகம் எனக் குறைகூறிய அதே வேளையில், ஒவ்வொரு கருவிக்கும் சோனி 240 முதல் 300 டாலர் வரை இழந்து கொண்டிருந்தது.

2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் ஆட்டப் பிரிவு 23,230 கோடி யென்னும், அதற்கு அடுத்த ஆண்டில் 12,450 கோடி யென்னும் செயற்பாட்டு நட்டம் அடைந்தது. குத்தராகி 2007 இல் ஓய்வு பெற்றார். 2008 இல் செல் செயலியைச் செய்யும் நாகசாகி ஆலை வசதிகள் தொசிபாவிடம் சென்றன. பிளேஸ்டேசன் 3 இறுதியில் 8.7 கோடி எண்ணிக்கையில் விற்றது. எண்ணிக்கையில் இது தோல்வியன்று. ஆனால் முந்தைய தலைமுறைகளில் சேர்ந்த இலாபத்தின் பெரும்பகுதியை இக்கருவி விழுங்கியது என்றே பலரும் கருதுகின்றனர். புளூ-ரே வட்டு 2008 இல் தன் போட்டியாளரான எச்டி டிவிடியை வென்றதில் இக்கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வெற்றியின் பயனை ஆட்டப் பிரிவின் கணக்கில் காண முடியாது.

2013 இன் பிளேஸ்டேசன் 4 கணினிகளில் வழங்கும் வகையைச் சேர்ந்த சில்லுடன் 399 டாலருக்கு வந்தது. அதில் இணையவழிக் கூட்டாட்டங்களுக்குப் பொதுவாக உறுப்பினர் கட்டணம் வேண்டியிருந்தது.

மைக்ரோசாப்ட்

மைக்ரோசாப்ட் 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ் பாக்ஸ் கருவியை 299 டாலருக்கு வெளியிட்டது. இன்டெல் செயலி, என்விடியா வரைகலைச் சில்லு, வன்தட்டு என ஒரு கணினியின் உறுப்புகளே அதில் இருந்தன. சில்லுகளின் வடிவமைப்பு மைக்ரோசாப்டுக்குச் சொந்தமன்று; ஆகவே அவற்றைச் சுருக்கி ஒன்றிணைத்துச் செலவைக் குறைக்க இயலவில்லை. வன்தட்டிலோ, எவ்வளவு சிறிய கொள்ளளவாயினும் ஓர் அளவுக்குக் கீழ் செலவு குறைவதில்லை. ஆனால் சோனி 2002 மே மாதம் விலையை 199 டாலராகக் குறைத்தபோது மைக்ரோசாப்டும் உடன் குறைக்க வேண்டியதாயிற்று. சுமார் 2.4 கோடி விற்ற இக்கருவியால் ஏற்பட்ட நட்டம் ஏறத்தாழ 400 கோடி டாலர் என மதிப்பிடப்படுகிறது.

2005 இன் எக்ஸ் பாக்ஸ் 360 கருவியில் சில்லு வடிவமைப்பின் உரிமையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. எனினும் அக்கருவிகள் பெருமளவில் பழுதடைந்து, முகப்பில் சிவப்பு விளக்குகள் எரிய நின்றுபோயின. 2007 சூலையில் உத்தரவாதம் மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. செகாவுக்கு இத்தகைய தொகை உயிரைப் பறித்திருக்கும். மைக்ரோசாப்டுக்கு அது ஒரு காலாண்டு அறிக்கையின் ஒரு வரி.

2021 மே மாதம் எபிக் கேம்ஸ், ஆப்பிள் நிறுவனங்களுக்கிடையேயான வழக்கில் சாட்சியமளித்த மைக்ரோசாப்ட் அலுவலர் லோரி ரைட், எக்ஸ் பாக்ஸ் கருவி விற்பனையில் நிறுவனம் ஒருபோதும் இலாபம் ஈட்டியதில்லை எனக் கூறினார். 2022 இல் அப்பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர், ஒவ்வொரு கருவிக்கும் 100 முதல் 200 டாலர் வரை நிறுவனம் ஏற்றுக்கொள்வதாகத் தெரிவித்தார்.

2017 இல் தொடங்கிய கேம் பாஸ் என்ற மாதக் கட்டணச் சேவையும், ஆட்ட நிறுவனங்களை வாங்குவதும் மைக்ரோசாப்டின் வழியாயின. 2023 அக்டோபரில் ஆக்டிவிசன் பிலிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கியது. அட்டாரியின் பேழை வணிகத்தை உடைத்த அதே ஆக்டிவிசனின் வழித்தோன்றலே இது. 2024 முதல் தன் ஆட்டங்கள் சிலவற்றை பிளேஸ்டேசன், நிண்டெண்டோ கருவிகளுக்கும் மைக்ரோசாப்ட் வழங்கத் தொடங்கியது.

நிண்டெண்டோவின் மாற்று வழி

நிண்டெண்டோவுக்கு நட்டத்தைத் தாங்கும் தாய் நிறுவனம் இல்லை. கேம் பாய் கருவியை வடிவமைத்த குன்பெய் யோக்கோய், பழகி மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய முறையில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தி வந்தார். 2006 இன் வீ கருவி இதனைப் பின்பற்றியது. ஆற்றலில் போட்டிக் கருவிகளைவிட மிகப் பின்தங்கியதாயினும் 249 டாலர் விலையில் முதல் நாளிலிருந்தே இலாபத்துடன் விற்றது. அதன் மொத்த விற்பனை 10.1 கோடி. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் செயற்பாட்டு இலாபம் 55,520 கோடி யென்னை எட்டியது.

இச்செழிப்பும் நீடிக்கவில்லை. 2011 இல் வெளியான 3டிஎஸ் கைக்கருவி எதிர்பார்த்த அளவு விற்காததால், சில மாதங்களிலேயே அதன் விலை 249 டாலரிலிருந்து 169 டாலராகக் குறைக்கப்பட்டது. தலைவர் சத்தோரு இவாட்டா தம் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிகர நட்டம் 4,320 கோடி யென். அதே ஆண்டு நவம்பரில் வந்த வீ யு, நிண்டெண்டோவின் வழக்கத்திற்கு மாறாக நட்டத்தில் விற்கப்பட்டு 1.36 கோடியுடன் நின்றது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் செயற்பாட்டு நட்டம் ஏற்பட்டபோதும் நிறுவனம் குலையாததற்கு, நல்ல ஆண்டுகளில் சேர்த்த பணத்தைக் கடனின்றிக் கையிருப்பாக வைத்திருந்ததே காரணமாகும். 2017 மார்ச் 3 அன்று வெளியான சுவிட்ச், வீட்டுக் கருவியையும் கைக்கருவியையும் ஒன்றாக்கி, 15 கோடிக்கும் மேல் விற்றது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் நிகர இலாபம் 48,040 கோடி யென்.

கணக்கிடுவதில் உள்ள சிக்கல்கள்

கருவிப் பிரிவின் இலாபத்தைத் தனியே கண்டறிவது எளிதன்று. மைக்ரோசாப்ட் தன் ஆட்டப் பிரிவின் வருவாயை வெளியிட்டாலும் அதன் இலாபத்தைத் தனியாக வெளியிடுவதில்லை. விற்ற கருவிகளின் எண்ணிக்கையை வெளியிடுவதையும் 2015 இல் நிறுத்திவிட்டது. சோனியின் ஆட்டப் பிரிவுக் கணக்கின் எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. ஐசப்ளை போன்ற மதிப்பீடுகள் உறுப்புகளின் செலவை மட்டுமே காட்டும். ஆய்வுச் செலவு, விளம்பரம், உத்தரவாதம் ஆகியவை அவற்றில் அடங்கா. ஆகவே 'அக்கருவி இலாபமா நட்டமா' என்ற வினாவுக்கு ஒற்றை எண்ணில் விடை கூறும் கூற்றுகளை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும்.

விலை குறையாத தலைமுறை

2020 நவம்பரில் வெளியான பிளேஸ்டேசன் 5 இன் 499 டாலர் வகை நட்டத்தில் விற்கப்படும் நிலை 2021 ஆகத்து அளவில் முடிவுக்கு வந்ததாக சோனி அறிவித்தது. முந்தைய வழக்கப்படி இதன் பின்னர் விலை இறங்கியிருக்க வேண்டும். மாறாக 2022 ஆகத்தில் ஐரோப்பா, ஜப்பான் உள்ளிட்ட இடங்களில் விலை உயர்த்தப்பட்டது. 2025 ஆகத்தில் அமெரிக்காவிலும் 50 டாலர் உயர்ந்தது. எக்ஸ் பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 2020 இல் 499 டாலராக இருந்து, 2025 இல் இருமுறை உயர்ந்து 649 டாலரானது. சில்லுகளைச் சுருக்குவதால் கிடைத்து வந்த செலவுக் குறைப்பு பெரிதும் மங்கியதும், பணவீக்கமும், அமெரிக்க இறக்குமதி வரிகளும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இந்நிலையிலும் 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் ஆட்டப் பிரிவு 41,480 கோடி யென் செயற்பாட்டு இலாபம் ஈட்டியது. 99 டாலருக்கு ஒரு பிளேஸ்டேசனை வாங்கக் காத்திருக்கும் வழக்கம் கொண்டவர்களுக்கு இத்தலைமுறை இடமளிக்கவில்லை.